நுரையில்லாத கோப்பை

என் வேலை பீர் குடிப்பது. இதைச் சொன்னால் ஆண்கள் சிரிக்கிறார்கள், பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். அதனால் யார் கேட்டாலும் 'லேப்ல இருக்கேன்' என்று முடித்துக்கொள்வேன். அது பொய்யும் இல்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பீர் ஆலையின் லேபில் தினமும் காலை பதினொரு மணிக்குச் சுவை பார்க்கும் குழு கூடும். நான்கு பேர் இருக்கிறோம். ரெஜினா என்கிற நான்தான் தலைவி. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் எடுத்ததை முகர்ந்து, ஒரு வாய் குடித்து, எங்கே கெட்டிருக்கிறது, எதனால் கெட்டது என்று சொல்ல வேண்டும். வெந்த சோளத்தின் வாசனை அடித்தால் ஒரு காரணம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் வேறு காரணம். புளித்திருந்தால் பேச்சே இல்லை, மொத்தத்தையும் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவ வேண்டியதுதான்.

இவ்வளவு பக்குவம் பார்த்து அனுப்புகிற சரக்கு கடைக்குப் போனதும் வாங்குகிறவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "கூலிங் கீதா?" கீது என்றால் போதும். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இந்த மாவட்டத்தில் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு வருகிற எரிச்சலில் பாதி இதனால்தான்.

மூக்கை வைத்துப் பிழைப்பவளுக்கு விரதங்கள் உண்டு. மல்லிகைப்பூ கூடாது. சென்ட், பவுடர், வாசனைச் சோப்பு கூடாது. காலையில் சாம்பார், வெங்காயம், ஊறுகாய் எதுவும் ஆகாது. கல்யாண மண்டப வாசலில் பூத்தட்டை நீட்டுவார்கள், நான் வேண்டாம் என்பேன். "பெந்தெகொஸ்தேவா?" என்று கேட்பார்கள். இல்லை, பூ வைக்கிற சி.எஸ்.ஐ.தான் என்பேன். உடனே எதிரில் இருப்பவளின் முகத்தில் 'ஐயோ பாவம், புருஷன் இல்லையோ' என்று ஒரு இரக்கம் வரும். புருஷன் இல்லைதான். ஆனால் பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கப் போனால் பேச்சு பீரில் வந்து நிற்கும். வாயை மூடிக்கொண்டு பந்திக்குப் போய்விடுவேன்.

அம்மா இருந்தவரை வரன் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒருமுறை வந்த மாப்பிள்ளையின் அப்பா நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், கையில் இருந்த காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் மெதுவாகக் கீழே வைத்தார். நான் அதில் எதையோ கலந்துவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. சபையில் வேறு, எனக்கு இந்த வேலையிலிருந்து விடுதலை கிடைக்க வேண்டும் என்று ஊக்கமாக ஜெபித்தார்கள். கிடைக்கவில்லை. கர்த்தருக்கு என் வீட்டுக் கடன் தவணை தெரியும்.

அம்மா போன தை மாதம் இறந்துபோனார். தம்பி பெஞ்சமின் மஸ்கட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பேன். பிறகு அங்கே வெயில் எப்படி, இங்கே வெயில் எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். கேளம்பாக்கத்தில் ஐந்தாவது மாடி ஃபிளாட்டில் இப்போது நான் மட்டும்தான். சுற்றிலும் ஐ.டி. பிள்ளைகள். சாப்பாட்டுப் பார்சல் வந்தால்தான் அவர்கள் வீட்டுக் கதவு திறக்கும். ஒரு சனிக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போய், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் உட்கார்ந்து ஒரு பீர் கேட்டேன். பரிமாறுகிற தம்பி மரியாதையாக, "சார் எப்ப வருவாரு மேடம்?" என்றான். வரமாட்டார் என்று சொல்ல வாய் வராமல் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் சொல்வது எதற்கென்றால், எனக்கென்று மிச்சம் இருந்தது ஒரு பீப்பாய்தான் என்பது புரிய வேண்டும்.

முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்தவர். பெல்ஜியத்தில் பீரை மரப்பீப்பாயில் ஊற்றி வருடக்கணக்கில் புளிக்க விடுவார்களாம். அதைக் குடித்துவிட்டு வந்து, நாமும் செய்வோம் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிராந்தி காய்ச்சும் இடத்திலிருந்து பழைய ஓக் பீப்பாய் ஒன்று வந்தது. முளைகட்டி வறுத்த பார்லியை, அதாவது மால்ட்டை, அள்ளிப் போட்டு, கடையில் விற்கும் ஸ்ட்ராங் பீரைவிட அதிக வீரியத்தில் ஒன்று காய்ச்சி அதில் நிரப்பினோம். எந்தக் கிருமிக்குப் பயந்து தினமும் தொட்டி கழுவுகிறோமோ, அதே கிருமியைக் கூப்பிட்டு உள்ளே குடிவைத்தோம். ஆறு மாதத்தில் சின்ன முதலாளிக்குச் சலித்துவிட்டது. கோவாவுக்குப் போய் ஏதோ ஹோட்டல் நடத்துகிறாராம். பீப்பாய் மட்டும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை வைக்கும் குளிர் அறையின் மூலையில் நின்றது. யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். பீப்பாயின் முகப்பில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு எவர்சில்வர் ஆணியைச் செருகி வைத்திருந்தோம். ஆணியை இழுத்தால் பீர் நூலாக வரும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, வேன் கிளம்புவதற்கு முன்னால் அங்கே போவேன். ஒரு வாய் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்பச் செருகிவிட்டு, அந்தக் குளிரிலேயே நின்று குடிப்பேன்.

முதல் வருடம் வெறும் காடி. மாட்டுக்கொட்டகை வாசனை வேறு. சின்ன முதலாளி ஓடியதில் தப்பே இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் புளிப்பின் கூர் மழுங்கி, இலந்தவடை போல ஒன்று எட்டிப் பார்த்தது. மூன்றாம் வருடம் நாவல்பழம், பழைய மரப்பெட்டி, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. நுரை கிடையாது. பீப்பாயின் மரம் காற்றை நிறுத்தி வைக்காது. கோப்பையில் ஊற்றினால் கருஞ்சிவப்பில் ஆடாமல் அசையாமல் நிற்கும். அந்த அமைதிதான் எனக்குப் பிடித்தது. மனதுக்குள் அதை 'அவன்' என்றுதான் சொல்லிக்கொள்வேன். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு லீவு முடிந்து ஆலைக்கு வந்த வாரம், வெள்ளிக்கிழமை அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேறு யாரையும் நான் அங்கே கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன செய்ய? எங்கள் குழுவுக்குப் புளிப்பு என்றாலே குற்றம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொள்வேன். கழுதைகளைப் பழக்கியது நான்தான் என்பது அப்போது ஞாபகம் வராது.

மே மாதம் ஒருநாள் ஸ்டான்லி சார் என்னைக் கூப்பிட்டார். காய்ச்சும் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதாக இருந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெஜினா, பீர கேன்ல அடைக்கிற மிஷின் வருதும்மா. அந்த ஹாப்ஸ் ரூமு வேணுமாம். மெட்ராஸ் ஆபீஸ்ல சொல்ட்டாங்க."

"பேரலு?"

"டிரெய்னேஜ்ல வுட்டுருங்கன்றாங்க."

மூன்று வருடம் வளர்ந்தவனைச் சாக்கடையில் விடச் சொல்கிறார்கள். என் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு பண்லாம்," என்றார். "இதே மாரி புளிப்பு, இதே ஸ்ட்ராங்கு, ஃபாரின் பாட்டிலு நாலு வாங்கிட்டு வரச் சொல்றேன். நம்மளதையும் சேத்து அஞ்சு. எது எதுன்னு தெரியாம நாலு பேரும் குடிப்போம். நம்மளது மொதல் எடத்துல வந்துச்சுன்னா நான் மேல பேசி வேற ரூமு வாங்கித் தரேன். வரலன்னா என்னால ஒண்ணும் முடியாது."

"கடையில விக்கிறதே புளிச்சா தப்புன்னு பழகின நாக்கு சார் நம்ம பேனல். அவங்க கையில இத குடுத்தா எப்டி?"

"நீ கீறியே."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். ஆமாம், நான் இருக்கிறேன். என் ஓட்டு நிச்சயம். மற்ற மூவரில் ஒருவர், மிஞ்சினால் இருவர் மனசு வைத்தால் அவன் பிழைத்துக்கொள்வான். யார் மனசு வைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்டான்லி சாருக்குக் கசப்புதான் பிடிக்கும். பேக்கிங் பிரிவுத் தமிழ்வாணனிடம் எதைக் கொடுத்தாலும் "ஓகே" என்பான். அம்சா லேபில் எனக்கு அடுத்தவள், கெட்டிக்காரி, ஆனால் புளிப்பைக் கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கறார். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். குடித்துவிட்டு வந்தால் அவள் சத்தம் போடுவாள். "நீ மட்டும் டெய்லி குடிக்கலையா?" என்பாராம் அவர். "நான் துப்பிடுறேன்யா" என்பாளாம் இவள். உண்மையில் நாங்கள் துப்புவதில்லை. பீரின் கசப்பு தொண்டையில் இறங்கினால்தான் தெரியும். அந்த ரகசியத்தை அவளுக்காக நாங்கள் எல்லோரும் காப்பாற்றி வந்தோம்.

ஆலையில் மால்ட் வேகும் நாட்களில் மூக்கு எதற்கும் உதவாது. அதனால் திருவிடந்தையில் ஸ்டான்லி சாருக்குத் தெரிந்தவர் நடத்தும் சின்ன ரிசார்ட் ஒன்றில் ஒரு அறை எடுத்தார்கள். கேளம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கோவளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். முகூர்த்த மாதம். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று அந்த ஊர்ப் பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றி வருவது அங்கே வழக்கம். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அப்படிப் போட்டுக்கொள்வதற்கு மாலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சம்பங்கியும் ரோஜாவும் என் மூக்கில் வந்து மோதின. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. மன்னிச்சுக்கம்மா, உன் மேல் கோபமில்லை, இன்றைக்கு ஒரு உயிர் என் மூக்கை நம்பி இருக்கிறது என்று சொல்லவா முடியும்?

ரிசார்ட்டில் ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஏ.சி. போட்டிருந்தார்கள். குப்பத்துப் பக்கம் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் வரதன் ஊற்றிக்கொண்டிருந்தார். வரதன் எங்கள் ஸ்டோர் கீப்பர், திருக்கழுக்குன்றத்துக்காரர். பீரை விடுங்கள், பூண்டுகூடத் தொடமாட்டார். எந்தச் சரக்கின் மேலும் பாசமில்லாத ஒரே ஆள் என்பதால் பெயர் தெரியாமல் ஊற்றும் வேலையை எப்போதும் அவரிடம்தான் கொடுப்போம். அடையாளத்துக்கு எண் ஒட்டச் சொன்னால், மனிதர் கடையில் ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட் வாங்கி வந்து ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு நிறத்தை ஒட்டியிருந்தார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு. கோப்பைகள் வரிசையாகப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றன.

சுவை பார்க்கும்போது பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் மனசு மாறிவிடும். அதனால் நான்கு பேரும் நான்கு சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம்.

நீலம் செர்ரிப் பழமும் சர்க்கரையுமாக இருந்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். மஞ்சளில் எலுமிச்சைத் தோல். கறுப்பு கனமாக இருந்தது, கருகிய வெல்லம், புளிப்பு பின்னால் வந்து தயங்கி நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவன் இல்லை.

பச்சையை எடுத்தேன். நுரையில்லை. கோப்பைக்குள் அசையாமல் நின்றது. முகர்ந்தேன். மரம், பழம், தூரத்தில் கொஞ்சம் கொட்டகை. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு நாக்கின் ஓரங்களில் மெதுவாக ஏறி, இறங்கும்போது தொண்டையில் சூடு. கண் நிறைந்துவிட்டது. வந்துட்டியாடா என்று மனசுக்குள் சொன்னேன். குடித்துவிட்டு முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பச்சைக்கு முதல் இடம் போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

சிவப்பு கடைசி. ஊற்றியபோது எழுந்த நுரை இன்னும் அடங்கவில்லை. மூக்கை அருகில் கொண்டு போகுமுன்பே வாசனை எகிறி வந்து முகத்தில் அடித்தது. வாயில் சுருக்கென்று குத்தியது, பொங்கியது, எல்லாப் பக்கமும் ஓடியது. எனக்கு இந்த மாதிரி ஆர்ப்பாட்டம் ஆகாது. வெளிநாட்டுக்காரன் காற்றடைத்துக் காசு பார்க்கிறான் என்று நினைத்தேன். கடைசி இடம் போட்டு, பக்கத்தில் 'இளசு. சத்தம் அதிகம். பீப்பாயில் இருந்த மாதிரியே இல்லை' என்று எழுதினேன்.

வரதன் நான்கு தாள்களையும் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் வாசிப்பதுபோல் வாசித்தார்.

"ஸ்டான்லி சார், சிவப்பு முதல். தமிழ்வாணன், சிவப்பு முதல். அம்சா, சிவப்பு முதல். ரெஜினா மேடம், பச்சை முதல். சிவப்பு கடைசி."

"பச்சைக்கு மத்தவங்க?" என்றேன்.

"ஸ்டான்லி சார் நாலு. தமிழ்வாணன் நாலு. அம்சா அஞ்சு."

முடிந்தது என்று நினைத்தேன். அவனைக் கொட்டிவிடுவார்கள். அந்த நினைப்பில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, இத்தனை வருடத்தில் யார் மேலும் அப்படி வந்ததில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நுரையப் பாத்து பல்ல இளிச்சிட்டீங்க இல்ல? கொஞ்சம் பொங்கினா போதும், உடனே ஃபாரின்னு வுழுந்துருவீங்க. பச்சைதான் நம்மளது. மூணு வருஷம்! ஒரு வாய் குடிச்சா தெரியாதா? அம்சா, உனக்குக்கூடவா தெரியல? அஞ்சாவது எடம் போட்டியே, இன்னா நாக்கு அது? உங்களுக்கெல்லாம் கத்துக் குடுத்ததுக்கு நான் கடைத் தெருவுல சுண்டல் வித்திருக்கலாம்."

அம்சா தலை குனிந்து துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வரதன் தொண்டையைச் செருமினார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. பச்சை பெல்ஜியம். அது காத்தே இல்லாம அடைக்கிறதாம், லேபிள்ல போட்டிருக்கு. சிவப்புதான் நம்மளது."

நான் அவரைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்தேன். லேபிள் இல்லாத ஒரு பாட்டில், எங்கள் ஆலையின் சாதாரண பழுப்புப் பாட்டில்தான், கழுத்தில் சிவப்புப் பொட்டோடு நின்றது.

"நம்மளது எப்டி பாட்டில்ல?" என்றேன். "பேரல்லேர்ந்து எடுத்துட்டு வரதா இல்ல பேச்சு?"

ஸ்டான்லி சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பேரல்லேர்ந்து எடுத்தா நீ மோந்து பாக்கும்போதே கண்டுபுடிச்சிருவ. அப்பால அது இன்னா போட்டி? இவங்க கிட்ட பாட்டில் இருக்குதுன்னு போன வாரம்தான் எனக்கே தெரியும்."

"எந்த பாட்டிலு?"

தமிழ்வாணன் அம்சாவைப் பார்த்தான். அம்சா நிமிராமலே சொன்னாள்.

"நாங்கதான்க்கா புடிச்சு வெச்சோம். அம்மா தவறி நீங்க லீவுல இருந்தீங்க இல்ல, அப்ப. கொஞ்சம் சக்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, தமிழ்வாணன் மூடி அடிச்சான். அஞ்சாறு பாட்டிலு. ஜூன்ல உங்க பர்த்டே வருதே, அதுக்குள்ள நொர கட்டி ரெடியாய்டும்னு. நீங்க சொம்மா அந்த ரூமுல தனியா நின்னுகினே குடிப்பீங்க. வூட்லயாச்சும் உக்காந்து குடிக்கட்டும்னு."

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

"ஐயே, இல்லக்கா. மொதல்ல நீங்க வாயில வெக்கணும்னு நாங்க ஒரு சொட்டுகூட எடுக்கல. இன்னிக்குத்தான் நானும் மொத தபா குடிக்கிறேன். எதுன்னு தெரியாமதான் போட்டேன். சத்தியமா."

ஸ்டான்லி சார் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். "மூணு பேர் மொத எடம் சார், ஆமா, பேர் தெரியாம," என்று அவர் குரல் உற்சாகமாகக் கேட்டது. பீப்பாய் பிழைத்துவிட்டது. தமிழ்வாணன் கைதட்டினான். வரதன் என் பக்கத்தில் வந்து, "ஆனைக்கும் அடி சறுக்கும் மேடம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோப்பைகளை அடுக்கப் போனார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் வலித்தது.

சிவப்புப் பொட்டு ஒட்டிய என் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மணல். நடுமத்தியான வெயில், கடற்கரையில் ஆளில்லை. இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எனக்கு எது என் குஞ்சு என்றே தெரியவில்லை. பக்கத்துக் கூட்டுக் குஞ்சைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, என்னுடையதைக் கொத்தி விரட்டியிருக்கிறேன். மூன்று பேரும் என்னைப்போல் போட்டிருந்தால் இந்நேரம் அவன் சாக்கடையில் போயிருப்பான். என் கையால் போயிருப்பான்.

இப்போதுதான் தெரிந்துவிட்டதே என்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நுரை அடங்கியிருந்தது. ஆனாலும் அவன் இல்லை. வேறு யாரோ ஒருவன், வளர்ந்து, வெளியூர் போய், நாலு பேரோடு பழகிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். எல்லோருக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரென்று தெரியவில்லை. இனி பீப்பாயில் இருப்பதையும் இப்படித்தான் பாட்டிலில் அடைக்கச் சொல்வார்கள். அதுதான் சரியும்கூட. அம்மா அடக்கத்தில்கூட இவ்வளவு தனியாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மணலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்சா, கையில் மிச்சம் இருந்த பாட்டிலோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா, அழுவுறீங்க? அதான் பேரலு தப்பிச்சிச்சே."

"உன்ன அப்டி பேசியிருக்கக் கூடாது அம்சா."

"வுடுங்கக்கா. எங்க வூட்டுக்காரு பேசாத பேச்சா?"

அவள் போகவில்லை. பாட்டிலைப் படகில் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

"இதுல உனக்கு இன்னா தெரிஞ்சுது?"

"தாள்ல எழுதிக் குடுத்தேனே."

"அது லேப் பாஷை. நீ சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியல அம்சா. நெஜமாவே தெரியல."

அவள் ஒரு வாய் குடித்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் சின்னவன் பொறந்து ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு வந்தேன் பாருங்க, அன்னிக்கு எங்கம்மா ஒரு ரசம் வெச்சுக் குடுத்துச்சு. பழம்புளி, மெளகு, துளி வெல்லம். எனக்கு நாலு நாளா பசியே இல்ல. சோறப் பாத்தாலே கொமட்டுது. அந்த ரசத்த ஒரு வாய் உள்ள வுட்டேன் பாருங்க, சுருக்குனு நாக்குல ஏறி, அப்பால நெஞ்சுல சூடா எறங்கி, அதுக்கு அப்பாலதான்க்கா எனக்குப் பசியே வந்துச்சு. ரெண்டு தட்டு சோறு துன்னேன். இது அது மாரி கீது. பீரப் போயி ரசம்னு எப்டி எழுதறதுன்னு நான் நாவல்பழம்னு எழுதிட்டேன்."

கோப்பையை வாங்கி இன்னொரு வாய் குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். ரசமும் இல்லை, பசியும் இல்லை. ஆனால் அவள் சொல்லும்போது அது எங்கோ இருக்கிறது என்று நம்ப முடிந்தது. அம்மா இறந்ததிலிருந்து எனக்கும் சரியாகப் பசிப்பதில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றேன்.

அம்சா செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்ததிலிருந்து ஆரம்பித்தாள்.